மரிய செல்வி எழுதிய ஒன்பது மார்க்

படிப்பைப் பாதியில் விட்டவள் என்பதற்காகவே ஒருத்தியைத் தேடி வந்து கல்லூரிக்குள் கூட்டிக்கொண்டு போவார்களா? மரிய செல்வியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு நவம்பர் மாதக் காலை. புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு அரசுக் கல்லூரி. பேர் வேண்டாம், சொன்னால் அங்கே இருக்கிற நல்லவர்களுக்கும் சேர்த்துக் கோபம் வரும். அந்தக் கல்லூரி வாசலுக்கு எதிரே ஆனந்தராஜின் ஜெராக்ஸ் கடை. ஒரு பேராசிரியர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். கண் தெரியாத மாணவர் ஒருவருக்குப் பத்து மணிக்குப் பரீட்சை. அவர் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஏற்பாடு செய்திருந்த ஆள் பட்டம் வாங்கியவராம். விதிப்படி எழுதுகிறவர், பரீட்சை எழுதுகிறவரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும்.

"பிளஸ் டூவோட நின்னவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கடையைப் பார்த்துக் கேட்டார் பேராசிரியர்.

ஆனந்தராஜ் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இந்தா நிக்குதுல்ல, எங்க மரிய செல்வி. காலேஜ் ரெண்டாவது வருசத்தோட ஓடிப்போன கழுதை" என்று மிஷினுக்குப் பக்கத்தில் நின்றவளைக் கை காட்டினார்.

அதுவரை அவளுக்கு அது ஒரு தலைகுனிவு. ஆவூர்ப் பக்கத்துக் கிராமம் அவளுடையது. பி.ஏ. வரலாறு இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா பங்கிராஸ் நெஞ்சு வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள், அங்கே தூசி ஒத்துக்கொள்ளாமல் திரும்பி வந்தாள், இந்தக் கடையில் சேர்ந்தாள். எதிரே பிள்ளைகள் கவுன் போட்டுப் பட்டம் வாங்கிக்கொண்டு, அதை நகல் எடுக்க இவளிடமே வருவார்கள். ஒவ்வொன்றையும் கண்ணாடியில் குப்புறப் போட்டு மூடும்போது அவளுக்கு வயிறு எரியும். பொறாமைதான், அதற்கு வேறு நல்ல பேர் வைக்க அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு அந்தப் பட்டம் இல்லாததே தகுதியாகிப்போனது.

அவளுக்குக் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் உட்கார்ந்தாலும் விரல் தொடையின் மேல் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். கடைப் பெயர்ப் பலகை, பக்கத்து சீட்டுக்காரர் போனில் பேசுவது, எதுவானாலும். அப்படிப்பட்ட கைக்கு இந்த வேலை பொருந்திவிட்டது. எழுத்தும் நூல் பிடித்த மாதிரி நேராக வரும். அதற்குப் பிறகு அந்தக் கல்லூரியில் கண் தெரியாத பிள்ளை யார் வரலாறு எடுத்தாலும் சொல்லச் சொல்ல எழுதுகிற ஸ்க்ரைப் மரிய செல்விதான். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பேர் 'எழுதுற அக்கா'.

இந்த ஒன்பது வருஷத்தில் பி.ஏ. வரலாற்றின் எல்லாத் தாள்களையும் மூன்று நான்கு தடவை எழுதிவிட்டாள். அடுத்தவர் வாய் வழியாக ஒரு முழுப் படிப்பு அவளுக்குள் போய்விட்டது. "நீயும் ஃபீஸ் கட்டிப் பரீட்சை எழுதி ஒரு டிகிரி வாங்கேன்டி" என்று ஆனந்தராஜ் கிண்டல் செய்வார். "பாஸ் பண்ணிட்டா அப்புறம் என்னைய யாருண்ணே எழுதக் கூப்புடுவா?" என்பாள். பாதி உண்மை. எழுதித் தோற்றுப்போனால் என்ன செய்வது என்பது மீதிப் பாதி, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கல்லூரியில் இந்தப் பிள்ளைகளுக்கென்று எல்லாம் இருந்தது, காகிதத்தில். 'சம வாய்ப்பு மையம்' என்று நீல நிறத்தில் பலகை மாட்டிய அறை ஒன்று இருந்தது. அதன் சாவி யாரிடம் என்பதைக் கண்டுபிடிக்கவே ஒரு செமஸ்டர் ஆகும். சக்கர நாற்காலிக்கென்று சறுக்குப் பாதை போட்டிருந்தார்கள், அதன் மேல் ஆசிரியர்களின் பைக்குகள் நின்றன. ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருவதில் மட்டும் குறை வைக்கவில்லை. அந்த நான்கு மணி நேரத்தையும் விளையாட்டுச் சாமான் வைக்கிற அறையில், ஓட்டைப் பந்துகளுக்கும் கைப்பந்து வலைக்கும் நடுவே கழிக்க வேண்டும்.

அந்த அறையில்தான் மூன்று வருஷமாக தேவிப்ரியாவும் மரிய செல்வியும் உட்கார்ந்தார்கள். தேவிப்ரியாவுக்கு ஊர் வல்லத்திராக்கோட்டை. பிறவியிலேயே பார்வை இல்லை. வெள்ளைக் கம்பைத் தட்டிக்கொண்டு தன்னந்தனியாக டவுன் பஸ் ஏறி வருவாள். வாய் கொஞ்சம் நீளம். யாராவது கேட்காமலே கையைப் பிடித்து ரோட்டைக் கடத்தி விட்டால், "நான் அங்கிட்டுப் போகணும்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவாள்.

காற்புள்ளி முதல் சொல்லித்தான் எழுத வைப்பாள். பேனா ஓடுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருப்பாள், நின்றால், "ஏன்க்கா நின்னுச்சு?" என்பாள். ஒவ்வொரு விடை முடிந்ததும் "படிங்க" என்பாள். மரிய செல்வி படித்துக் காட்டுவாள். தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மரிய செல்வி அவள் விரலைப் பிடித்து வைப்பாள், அந்த விரலை ஒட்டித் தேவிப்ரியா தன் பேரை எழுதுவாள். வேறு யாரும் தன் விரலைத் தொட அவள் விட்டதில்லை.

தேவிப்ரியாவுக்கு ஒரே ஒரு பயம் உண்டு. தனக்கு விழுகிற மார்க் தன் மார்க்தானா, பாவம் பார்த்துப் போட்டதா என்பது. வகுப்பில் பிள்ளைகள், "ஒனக்கென்னப்பா, கோட்டா இருக்கு" என்பார்கள். ஒரு ஆசிரியை நல்ல மனசோடு, "நீ ஒண்ணும் எழுதாட்டியும் ஒனக்கு பாஸ் போட்ருவாங்கம்மா" என்று தலையைத் தடவிவிட்டுப் போனார். இரண்டாம் வருஷத்தில் ஒருநாள் தேவிப்ரியா ஒரு காரியம் செய்தாள். அசைன்மென்ட்டின் நடுப் பக்கத்தில், புதுக்கோட்டையிலிருந்து மணமேல்குடிக்குப் போகிற பஸ் நேரங்களை வரிசையாகச் சொல்லி எழுதச் சொன்னாள். மரிய செல்வி சிரித்துக்கொண்டே எழுதினாள். இருபத்தைந்துக்கு இருபத்தைந்து வந்தது, கீழே 'குட்' என்று வேறு. கேட்டதும் தேவிப்ரியா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் அன்றைக்கு முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்படிப்பட்டவளுக்குத்தான் மரிய செல்வி அந்தக் காரியத்தைச் செய்தாள்.

போன ஏப்ரலில் கடைசி செமஸ்டரின் கடைசித் தாள். பதினேழாவது கேள்வி, பத்து மார்க்: 1833ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டத்தின் சிறப்புகளை விளக்குக. மரிய செல்வி வாசித்தாள். தேவிப்ரியா தாடையைத் தூக்கிக்கொண்டு கடகடவென்று சொல்ல ஆரம்பித்தாள். கல்விக்கு ஒரு லட்சம் ரூபாய், பாதிரிமார்கள் வர அனுமதி, தேயிலையும் சீன வியாபாரமும் தவிர மற்றதில் கம்பெனியின் ஏகபோகம் ஒழிந்தது.

மரிய செல்விக்குத் திக்கென்றது. இது 1813ஆம் வருஷச் சட்டம். இவள் இருபது வருஷம் முந்திய சட்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"கேள்விய இன்னொரு தடவ படிக்கவா தேவி?" என்றாள். படிக்கவும் செய்தாள், ஆயிரத்து எண்ணூற்று முப்பத்து மூன்று என்று அழுத்தி. அதுவே தப்பு, எழுத வந்தவள் குறிப்புக் காட்டக் கூடாது.

"தெரியும்க்கா. எழுதுங்க" என்றாள் தேவிப்ரியா.

மேற்பார்வையாளர் ஜன்னல் பக்கம் திரும்பிப் போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியை அவள் மூன்று பேருக்கு எழுதியிருக்கிறாள். வங்காள கவர்னர் ஜெனரல் இந்தியாவுக்கே கவர்னர் ஜெனரல் ஆனது, கம்பெனி வியாபாரத்தையே மூட்டை கட்டியது, மதம் பிறப்பு நிறம் எதைக் காட்டியும் யாருக்கும் பதவி மறுக்கக் கூடாது என்று ஒரு பிரிவு. எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றன. பேனா நின்றால் தேவிப்ரியா கேட்பாள். பேனாவை ஓட விட்டாள். தேவிப்ரியா 1813ஐச் சொல்லிக்கொண்டே போனாள், மரிய செல்வி 1833ஐ எழுதிக்கொண்டே போனாள்.

"படிங்க."

தாளைப் பார்த்தபடி, தாளில் இல்லாததைப் படித்தாள். தேவிப்ரியா சொன்ன ஒவ்வொரு வரியும், காற்புள்ளி முதற்கொண்டு, மனசில் அப்படியே இருந்தது. தேவிப்ரியா தலையை ஆட்டினாள்.

அன்று மதியம் பஸ் ஸ்டாண்டில் தேவிப்ரியா திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அய்யோ அக்கா, அது பதிமூணு! முப்பத்திமூணுன்னு கேட்டும் என் புத்தி பதிமூணுக்குப் போயிருக்கு பாருங்க. பத்து மார்க் போச்சு!"

அங்கேயே சொல்லியிருக்கலாம். "சரி விடு, மத்ததெல்லாம் நல்லாத்தானே சொன்ன" என்றாள் மரிய செல்வி. வல்லத்திராக்கோட்டை பஸ் கிளம்பிப் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள், தன் பஸ்ஸை விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கடையில் இரு பக்கமும் நகல் எடுக்க வேண்டியதை ஒரு பக்கம் எடுத்தாள், ஒருவருடைய ஆதாரை இன்னொருவர் கையில் கொடுத்தாள். "ஒனக்கு என்னடி பேய் கீய் புடிச்சிருக்கா?" என்றார் ஆனந்தராஜ். ஞாயிற்றுக்கிழமை ஆவூர் மாதா கோவிலில், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்றாள். முறை வந்ததும், "பொய் சொன்னேன் சாமி" என்று மட்டும் சொன்னாள். சாமியார் மூன்று தடவை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு எழுந்தபோது ஆண்டவர் மன்னித்துவிட்டது மாதிரிதான் இருந்தது. திங்கட்கிழமை கடைக்கு பஸ் ஏறியதும் பழையபடி விரல் தொடையில் 1833, 1833 என்று எழுத ஆரம்பித்துவிட்டது.

ஜூனில் ரிசல்ட் வந்தது. தேவிப்ரியா போன் செய்தாள். குரலில் சந்தோஷம் இல்லை.

"எழுவத்தஞ்சுக்கு அறுவத்தஞ்சு போட்ருக்காங்கக்கா."

மரிய செல்விக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். என் விடைக்கு மார்க் விழுந்துவிட்டது என்கிற சந்தோஷம். அடுத்த நொடியே தன் மேலே அருவருப்பு வந்தது.

"பத்து மார்க் கேள்வி ஒண்ணு முழுசாத் தப்பு. ரெண்டு மார்க் ஒண்ணு விட்டுட்டேன். மிச்சத்துக்கெல்லாம் முழுசா அள்ளிக் குடுத்தாலும் அறுவத்திமூணைத் தாண்டாது. அறுவத்தஞ்சு எப்புடி வரும்? பாவம் பாத்துப் போட்ருக்கான். பேப்பர் கட்டுலயே தெரியுமாம்ல, ஸ்க்ரைப் எழுதுனதுன்னு. பஸ் டைமுக்கு மார்க் போட்ட மாதிரி இதுக்கும் போட்ருக்கான்." மூச்சு வாங்கினாள். "விடைத்தாள் நகலுக்கு அப்ளை பண்ணிட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு போட்ருக்கான்னு எனக்குத் தெரியணும். வந்ததும் நீங்கதான்க்கா படிச்சுக் காட்டணும். கையெழுத்த போனு படிக்க மாட்டேங்குது."

"படிக்கிறேன்" என்றாள் மரிய செல்வி.

பதினெட்டு நாள் ஆனது நகல் வர. அந்தப் பதினெட்டு நாளும் அவள் கணக்குப் போட்டாள். பரீட்சை அன்று செய்ததையே மறுபடி செய்யலாம். தாளைப் பார்த்துக்கொண்டு 1813ஐப் படிக்கலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் அப்படிப் படித்தால், தப்பான விடைக்கு யாரோ இரக்கப்பட்டு மார்க் போட்டதாகத் தேவிப்ரியா சாகும்வரை நம்புவாள். திருச்சிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.ஏ.வுக்கு விண்ணப்பித்திருந்தாள், மாற்றுத்திறனாளி இட ஒதுக்கீட்டில். அங்கே போயும் ஒவ்வொரு மார்க்கையும் பிச்சை என்று நினைத்துக்கொண்டு படிப்பாள். உண்மையைப் படித்தால், இந்தப் பெண் இனி தன்னிடம் வரப்போவதில்லை. கல்யாணம் காட்சி இல்லாமல் முப்பத்தைந்தைத் தாண்டியவளுக்கு, 'அக்கா' என்று உரிமையோடு அதட்டுகிற ஆள் வேறு யார் இருக்கிறார்கள்?

விடைத்தாள் நகல், கடையின் வாட்ஸப்புக்கே வந்தது. தேவிப்ரியாவும் கம்பைத் தட்டிக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆனந்தராஜ் பேப்பர் வாங்கப் போயிருந்தார். ஆண்டிச்சாமி என்கிற விவசாயி, பட்டா நகல் எடுக்க வந்தவர், மட்டும் நின்றுகொண்டிருந்தார். "செத்த பொறுங்கய்யா" என்று அவரிடம் சொல்லிவிட்டு, மரிய செல்வி தாள்களை அச்செடுத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

தேவிப்ரியா கூடவே முணுமுணுத்தாள், தான் சொன்னதெல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் மார்க்கைக் கேட்டு விரல் விட்டு எண்ணினாள். பதினாறு முடிந்தது. பதினேழு. மரிய செல்வி தாளில் இருந்ததைப் படித்தாள்.

"இந்தச் சட்டம் வங்காளத்தின் கவர்னர் ஜெனரலை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக ஆக்கியது."

"நிறுத்துங்க" என்றாள் தேவிப்ரியா. "இது நான் சொன்னதில்ல."

"இல்ல."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல தேவி. நானா எழுதுனேன்."

தேவிப்ரியாவின் விரல்கள் கம்பின் மேல் அசையாமல் நின்றன. "அன்னிக்குப் படிச்சுக் காட்டுனீங்களே?"

"நீ சொன்னத மனசுல வச்சுக்கிட்டுப் படிச்சேன்."

"எவ்வளவு போட்ருக்கான்?"

"ஒம்போது."

தேவிப்ரியா சிரித்தாள், அது சிரிப்பே இல்லை. "எனக்காகவா எழுதுனீங்க?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். "அப்புடித்தான் நெனச்சேன்" என்றாள் மரிய செல்வி. "ஆனா இல்ல. ரிசல்ட்டு வந்தப்ப எனக்குப் பெருமையா இருந்துச்சு. எனக்காகத்தான் எழுதிருக்கேன்."

"வேற எந்தப் பேப்பர்ல?"

"எதுலயும் இல்ல. மாதா மேல சத்தியமா இல்ல."

"நீங்க படிச்சுக் காட்டுனதுதான் நான் எழுதுனதுன்னு மூணு வருசமா நம்பிக்கிட்டு இருக்கேன்" என்றாள் தேவிப்ரியா. குரல் உயரவில்லை. "இப்ப நீங்க சொல்றது நெசமான்னு நான் யார்ட்டப் போய்க் கேப்பேன்?"

மரிய செல்வி கையிலிருந்த தாள்களை மேசையில் வைத்தாள். கண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டாள். ஆண்டிச்சாமி என்னவோ ஏதோ என்று பட்டாவை மடித்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"ஒரு வெள்ளத்தாள் எடுங்க" என்றாள் தேவிப்ரியா. "நான் சொல்றத எழுதுங்க. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கு."

"வேணாம் தேவி. பேப்பரையே கேன்சல் பண்ணிப்புடுவாங்க. அடுத்த வாரம் எம்.ஏ. கவுன்சிலிங் இருக்கு. அந்த ஒம்போது போனாலும் ஒனக்கு சீட்டு கெடைக்கும்டி, பேசாம இரு."

"கெடைக்கும்ல? அப்ப எதுக்கு வச்சுக்கணும்? கேன்சல் பண்ணுனா அடுத்த வருசம் எழுதிட்டுப் போறேன். எழுதுங்க."

மரிய செல்வி எழுதினாள். என் விடைத்தாளில் பதினேழாம் கேள்விக்கு வழங்கிய ஒன்பது மதிப்பெண் என்னுடையது அல்ல. அந்த விடையை நான் சொல்லவில்லை. எனக்காக எழுத வந்தவர் தாமாக எழுதியது.

பேனா நின்றது.

"ஏன் நின்னுச்சு?"

"என் பேர எழுதுறேன் தேவி. தப்பு என்னுது, பேரு இருக்கணும்ல."

"நான் சொன்னேனா?"

மரிய செல்விக்குக் கை துடித்தது. 'மரிய' என்று மூன்றே மூன்று எழுத்தாவது எழுதிவிட்டால் மனசு கொஞ்சம் லேசாகும். எழுதாமல் முற்றுப்புள்ளி வைத்தாள். தேவிப்ரியா மீதியைச் சொன்னாள்: அந்த ஒன்பதைக் கழித்துவிட்டு மற்றதை மட்டும் எனக்குத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

"படிங்க."

படித்தாள். தேவிப்ரியா இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. கையை நீட்டித் தாளை வாங்கினாள், ஸ்டூலை விட்டு எழுந்தாள், குத்துமதிப்பாக ஆண்டிச்சாமி நின்ற பக்கம் திரும்பினாள்.

"ஐயா, ஒங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"ஏதோ எழுத்துக் கூட்டிப் படிப்பேம்மா."

"இதக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க."

ஆண்டிச்சாமி சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார். ஒன்பது வருஷத்தில் தான் எழுதியதை இன்னொருவர் வாயால் மரிய செல்வி கேட்டது அன்றைக்குத்தான். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. அவர் முடித்ததும் தேவிப்ரியா, "சரியா இருக்கு" என்றாள். மரிய செல்வி வழக்கம்போலத் தன் கையை முன்னால் நீட்டினாள், கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்ட.

தேவிப்ரியா தன் சுட்டுவிரலை ஆண்டிச்சாமியிடம் நீட்டி, "கீழ கையெழுத்துப் போடுற எடத்துல இத வச்சுவிடுங்கய்யா" என்றாள்.